ஆரணியின் வயிற்றுப் படங்கள்

மார்கழி 1, திங்கள்

மழை. விடாமல். கொடியில் காய வேண்டியதெல்லாம் குசினிக்குள் தொங்குகிறது. ஈரப் பாவாடை முகத்தில் அடிக்காமல் அடுப்படிக்குப் போக வழியில்லை.

ஆரணிக்குக் காய்ச்சல் விட்டது. போன முறை காது. அதற்கு முதல் நெஞ்சுச் சளி. இந்த முறை தொண்டை. முறை வைத்து வருகிறது. ஆறு வயது முடியப்போகிறது, அடுத்த வீட்டு நாலு வயதுப் பிள்ளை அவளை விட உயரம். போன வருடத்துச் சட்டை இந்த வருடமும் அளவு. சிக்கனம் என்று சிரித்துக்கொண்டிருந்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை.

சாப்பிடாத பிள்ளை என்றால் மனம் ஆறும். இவள் கை கழுவ முதலே அடுத்த பசி. "இவள் தின்னுறது எங்கையடி போகுது?" என்று மச்சாள் கேட்கிறா. (இவரின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தான்தான் வளர்த்தது என்பதை நாங்கள் ஒரு நாளும் மறக்காமல் பார்த்துக்கொள்வா.)

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பேசினுக்குள் போகிறது. கக்கூசு வளவின் கடைசியில், கடற்படை முகாமின் வெளிச்சம் விழுகிற பக்கம். பொழுதுபட்டால் பிள்ளையை அங்கே விடுவதில்லை. பழைய எனாமல் பேசின்தான். கழுவுவது நான். வெளிறிய நிறம், பசை, வீடு முழுக்க நாற்றம். தண்ணீர் விட்டால் தாழாது, மிதக்கும். சுற்றிவர எண்ணெய்ப் படலம், துறைமுக ஜெட்டியடித் தண்ணீர் மாதிரி.

பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. நாவூறு கழித்தாயிற்று. மச்சாளின் வைத்தியம்: விடிய ஒரு கரண்டி சுறா ஈரல் எண்ணெய், மத்தியானம் சோற்றில் நெய், பின்னேரம் நல்லெண்ணெயில் முட்டை. பிள்ளை எல்லாம் விழுங்கும். எல்லாம் மிதக்கும்.

சனிக்கிழமை வயிற்று ஸ்கான். வெறும் வயிற்றோடு கொண்டு போக வேண்டும். நான் டைப் அடிக்கிற அரசாங்கக் கச்சேரியில் லீவு கேட்கத் தேவையில்லை, நல்லது. மண்ணெண்ணெய் முடியப் போகிறது.


மார்கழி 6, சனி

ஸ்கான் டொக்டர் சனிக்கிழமைகளில் மட்டும் கண்டியிலிருந்து வருபவர். பாதை பூட்டினால் வரமாட்டார். இன்று வந்தார். வந்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

வாசலில் காத்திருக்கும்போது ஆரணி பசியில் என் சேலைத் தலைப்பைச் சப்பினாள். உள்ளே படுக்க வைத்து வயிற்றில் பசை பூச, "குளிருது" என்று சிரித்தாள். பெட்டியில் மழை பெய்கிற மாதிரி ஒரு படம். டொக்டர் ஈரலைக் காட்டினார், சிறுநீரகம் காட்டினார். பகிடி விட்டார். பிறகு பகிடி நின்றது. ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"என்ன டொக்டர்?"

"கணையம் வெள்ளை வெளேரெண்டு கிடக்கு. இந்த வயசிலை இப்பிடி இருக்கக் கூடாது. கொழுப்புப் படிஞ்ச மாதிரித்தான் தெரியுது."

"மாதிரி எண்டா?"

"சி.டி. ஸ்கான் எடுத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். வேற என்னவாயும் இருக்கலாம். கொழும்புக்குக் கொண்டு போங்கோ. சுணங்காதேங்கோ."

வேறு என்ன என்று நான் கேட்கவில்லை. சின்னக் கடுதாசிப் படம் ஒன்று தந்தார். வெள்ளைப் பட்டை ஒன்றைச் சுற்றிப் பேனையால் வளையம்.

கணையம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் கந்தோர்ப் பெரிய கிளாக்கர். சித்திரையில் வயிற்று நோ என்று லீவு எடுத்தவர், ஆடியில் எரித்தோம். கணையத்தில் புற்று. அவரின் மேசை இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.

திரும்பி வரும் வழியில் ஆரணிக்கு இரண்டு பணிஸ். ஒட்டோவுக்குள் வைத்தே முடித்தாள். நான் அவளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.


மார்கழி 7, ஞாயிறு

வீட்டில் செத்த வீடு மாதிரி.

மச்சாள் இரவெல்லாம் அழுதிருக்கிறா, கண் வீங்கிக் கிடக்கு. விடிய வந்து அடுப்படியில் நின்று சொன்னா: "நான்தான் வசந்தி செய்தனான். நெய்யும் எண்ணெயுமா ஊத்தி ஊத்திப் பிள்ளையின்ர கணையத்தை அடைச்சுப் போட்டன்."

இல்லை மச்சாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் அதுதான் நினைப்பு. கரண்டியைப் பிடித்தது என் கையும்தான். கொழுப்பு என்று டொக்டரே சொன்னார். வேறு எங்கிருந்து வரும்?

இன்றிலிருந்து எண்ணெய், நெய், முட்டை, தேங்காய், தேங்காய்ப்பால் சொதி எல்லாம் நிறுத்தம். சுறா எண்ணெய்ப் போத்தலை மச்சாள் மதிலுக்கு அங்கால் எறிந்தா. போத்தல் உடைந்த சத்தத்துக்குக் கடற்படைச் சென்றியில் காவல் நின்றவன் கத்தினான். எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. இவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், போத்தல், போத்தல் என்று சிங்களத்தில் சொன்னதால் தப்பினோம்.

மத்தியானம் சோறு, அவித்த பயற்றங்காய், உப்பு.

"சொதி எங்கை?"

"சொதி இல்லை குஞ்சு."

"ஏன், நான் குழப்படி செய்தனானோ?"

இவர் கோப்பையோடு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.


மார்கழி 11, வியாழன்

மழை விட்டது. நுளம்புக் கடி.

கொழும்பு ஏற்பாடு: பொலிஸில் கடிதம். கிராம சேவகர் ஒப்பம். அடையாள அட்டை. பிறப்புச் சான்றிதழ். கொட்டாஞ்சேனையில் மச்சாளின் சினேகிதி வீட்டில் தங்கலாம், போய் இறங்கியவுடன் அங்கும் பொலிஸில் பதிய வேண்டும்.

இவர் வருவதாக நின்றார். துறைமுகத்தில் இயந்திரம் திருத்துகிறவர், பாஸ் இருக்கிறது. ஆனால் அந்தப் பாஸ் துறைமுக வாசலுக்கு மட்டும்தான். திருகோணமலை விலாசத்தோடு ஒரு தமிழ் ஆம்பிளை கொழும்பில் இறங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போவாரா பொலிஸுக்குப் போவாரா என்று ஒருவருக்கும் தெரியாது. மச்சாள் முடித்து வைத்தா: "நீ பிடிபட்டா உன்னைத் தேடுறதா, பிள்ளையைப் பாக்கிறதா? நானும் வசந்தியும் போறம்." சரியான கதை. அதற்காகவே அவவில் கோபம் வந்தது.

பின்னேரம் கடலுக்குள் குண்டு போட்டார்கள். துறைமுகத்துக்குள் இயக்கச் சுழியோடிகள் நீந்தி வராமலிருக்கக் கடற்படை போடுகிற வழக்கமான குண்டுதான். தரை அதிர்ந்தது, அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. ஆரணி வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அப்படித்தான் பழகியிருக்கிறாள். "முடிஞ்சுது, விடு" என்றால்தான் விடுவாள்.

தூக்கிப் பார்த்தேன். இலேசாகிவிட்டாள். ஒரு கிழமை கூட ஆகவில்லை. பேசினில் வருவது குறைந்திருக்கிறது, ஆனால் பிள்ளையும் குறைகிறது. கொழுப்புக் கரைகிறது, நல்லதுதான் என்கிறா மச்சாள். எனக்குப் பயமாக இருக்கிறது. எது நல்லது என்று சொல்ல இங்கே ஒருவரும் இல்லை.


மார்கழி 15, திங்கள்

பஸ். விடியற் சாமம் போய்ச் சேர்ந்தால்தான் இடம். கந்தளாய் வரை வெள்ளம் வயலுக்குள். சோதனைக்கு இறங்கு, நட, பையைத் திற, ஏறு. பிறகும் இறங்கு. எத்தனை இடம் என்று கணக்கு வைக்கவில்லை. ஆரணி ஒவ்வொரு முறையும் தன் பொம்மையின் சட்டையையும் கழற்றிக் காட்டினாள். ஒரு ஆமிக்காரன் சிரித்தான், ஒருவன் சிரிக்கவில்லை.

இருட்டுகிற நேரம் கொட்டாஞ்சேனை. பதிவு முடிந்தது. கால் வீக்கம்.


மார்கழி 16, செவ்வாய்

சி.டி. ஸ்கான். குளிர் அறை. நடுவில் பெரிய வளையம், அதற்குள் போகிற கட்டில். குடிக்க ஒரு தண்ணீர் கொடுத்தார்கள், அதையும் "இன்னும் இருக்கோ?" என்று கேட்டுக் குடித்தாள் என் பிள்ளை.

எனக்கு ஈய அங்கி போட்டு உள்ளே நிற்க விட்டார்கள். பாரம். அசையக் கூடாது, மூச்சைப் பிடிக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க ஊசிதான் போடுவது என்று படம் எடுக்கிறவர் இங்கிலீசில் சொன்னார். நான் அவளின் காதுக்குள் சொன்னேன்: "கடலுக்குள்ள குண்டு போடப் போகினம்."

ஒரு மயிர் அசையவில்லை. முடியும் வரை. இப்படி ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை என்று அந்த மனிதர் புகழ்ந்தார். எனக்குப் பெருமைப்படத் தெரியவில்லை.

வெளியே வந்து கேட்டாள்: "சத்தமே கேக்கேல்லை, அம்மா. குண்டு எங்கை விழுந்தது?"


மார்கழி 17, புதன்

படம் மட்டும் தந்தார்கள். அறிக்கை நாளைக்கு, பெரிய டொக்டரிடம்.

பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே உறையைப் பிரித்தேன். பெரிய கறுப்புத் தாளில் சின்னச் சின்னக் கட்டம், ஒவ்வொன்றிலும் ஆரணியைக் குறுக்கே வெட்டின மாதிரி. முள்ளந்தண்டு தெரிகிறது. ஒரு கட்டத்தில் யாரோ மஞ்சள் மெழுகுப் பென்சிலால் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள்.

யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அம்புக்குறி காட்டிய இடம் கறுப்பு.

ஊரில் எடுத்த சின்னப் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதில் வளையம் போட்ட இடம் வெள்ளை. பத்துப் பன்னிரண்டு நாளில் வெள்ளை கறுப்பாகிவிட்டது.

மச்சாளிடம் காட்டாமல் மறைத்திருக்கலாம். பின்னால்தான் நின்றிருக்கிறா. "அழுகிப் போச்சே வசந்தி" என்று சுவரோடு சரிந்து இருந்தா. நான் வாயைப் பொத்திப் பிடித்தேன், பக்கத்து அறையில் பிள்ளை.

கொழுப்பை நிறுத்தியதால்தான் அழுகியதா? கொடுத்தாலும் பிழை, நிறுத்தினாலும் பிழையா? பிள்ளையாரே, என்னை எடு. என் கணையத்தை எடு. இது பேரம் இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஆரணி கடலை கேட்கிறாள். வாங்கிக் கொடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் தெருவில் நின்று அழுதேன். கடலைக்காரன் சும்மா ஒரு சுருள் கொடுத்துவிட்டுப் போனான்.


மார்கழி 18, வியாழன்

எல்லாவற்றையும் எழுத வேண்டும், மறக்க முதல்.

பெரிய டொக்டர் ஒரு அம்மா. சிங்களவர். மட்டக்களப்பில் வேலை செய்தவவாம், தமிழ் பேசினா. படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினா. நான் பொறுக்க முடியாமல் முதலே கேட்டுவிட்டேன். அந்தச் சொல்லை வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

"புற்றோ, டொக்டர்?"

"இல்லை."

உடனே சொன்னா. நிமிர்ந்து என்னைப் பார்த்துத் திரும்பவும் சொன்னா: "இல்லை அம்மா. புற்று இல்லை."

"அப்ப ஏன் கறுத்தது? முதல் வெள்ளையாத்தானே இருந்தது?"

சின்னப் படத்தையும் எடுத்துக் காட்டினேன். இரண்டையும் பார்த்தா. சிரிக்கவில்லை, அதற்கு நன்றி.

"சாமான் ஒண்டுதான் அம்மா. மெஷின் ரெண்டு. அது சத்தம் அனுப்பிப் பாக்கிற மெஷின், அதில கொழுப்பு வெள்ளையாத் தெரியும். இது எக்ஸ்றே மெஷின், இதில கொழுப்பு கறுப்பாத் தெரியும். இங்க வாங்க, பாருங்க."

விரலால் படத்தின் ஓரத்தைத் தொட்டா. உடம்பின் விளிம்பில், தோலுக்குக் கீழே, ஒரு கறுப்புக் கோடு.

"இது தோலுக்குக் கீழ இருக்கிற கொழுப்பு. எல்லா ஆளுக்கும் இருக்கும். இது என்ன நிறம்?"

"கறுப்பு."

"கணையம் என்ன நிறம்?"

"அதே கறுப்பு."

"அப்ப ரெண்டும் என்ன?"

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னேன், கொழுப்பு என்று. மச்சாள் பின்னால் விம்மினா.

அந்தக் கோடு நூல் மாதிரி. வெளியில் என் பிள்ளைக்கு ஒரு நூல் கொழுப்பு, உள்ளே கணையம் முழுக்க. பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறவியிலேயே இப்படித்தானாம். கணையத்தில் சாறு சுரக்கிற பகுதி உருவாகாமல் அந்த இடத்தில் கொழுப்பு வந்திருக்கிறது. அந்தச் சாறு இல்லாமல் சாப்பாட்டின் கொழுப்புச் செமிக்காது, அப்படியே வெளியே போகும். அதுதான் மிதந்தது. நோய்க்கு இரண்டு வெள்ளைக்காரரின் பெயரைச் சேர்த்து ஒரு பெயர் சொன்னா, என் வாயில் வரவில்லை.

மச்சாள் கேட்டா: "நாங்கள் நெய்யும் எண்ணெயும் குடுத்ததாலையோ, டொக்டர்?"

"இல்லவே இல்லை. சாப்பிடுற எண்ணெய் அங்க போய் இருக்காது. இப்பவும் குடுக்கிறீங்கதானே?"

நிறுத்தியதைச் சொன்னோம். டொக்டர் அம்மாவின் முகம் மாறியது. ஆரணியைத் தராசில் நிறுத்தினா. சட்டைக் கையை மடித்து அவளின் கையைப் பிடித்துப் பார்த்தா.

"இந்தப் பிள்ளைக்கு மத்தப் பிள்ளைகளை விடக் கூடச் சாப்பாடு வேணும். நெய், தேங்காய்ப் பால், முட்டை எல்லாம் வேணும். சாறுதான் இல்லை. அதை நாங்க வெளியில இருந்து குடுக்கிறது."

மருந்துக் குளிசைப் போத்தல் ஒன்று தந்தா. குளிசையை உடைத்தால் உள்ளே சின்ன மணிகள். சாப்பாட்டின் முதல் வாயோடு கொடுக்க வேண்டும். சூட்டில் போடக் கூடாது. சப்ப விடக் கூடாது. சொதியோ பாலோ கொடுத்தால் குளிசையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், வெறும் தேத்தண்ணிக்குத் தேவையில்லை. ஆயுள் முழுக்க.

பிறகு கதவைச் சாத்திவிட்டு மற்றதைச் சொன்னா. இரத்தத்தில் கிருமியோடு சண்டை பிடிக்கிற வெள்ளைக் கலம் குறைவு. அதுவும் இந்த நோயோடுதான் வருவது. காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

"விடியட்டும் எண்டு இருக்க வேணாம். அது ஆபத்து."

"எங்கட ஊரிலை இருட்டினாப் பிறகு வெளிக்கிட ஏலாது, டொக்டர். சுடுவாங்கள்."

டொக்டர் அம்மா மேசையிலிருந்து தாள் ஒன்றை எடுத்தா. பிறகு சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தித் தந்தா. "சென்றியில இதைக் காட்டுங்க. வெள்ளைத் துணி பிடிச்சுக்கொண்டு போங்க." அவவின் குரல் கொஞ்சம் குறைந்திருந்தது.

புற்று இல்லை. புற்று இல்லை. கொட்டாஞ்சேனை பஸ்ஸில் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது நினைவு வந்தது: இனி ஒவ்வொரு இரவும் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பயம் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.


மார்கழி 20, சனி

வீடு வந்து சேர்ந்தோம்.

வழியில் ஒரு சோதனையில் பையைக் கொட்டினார்கள். ஒருவன் ஸ்கான் படத்தை வானத்துக்குப் பிடித்துப் பார்த்தான். "மே மொக்கத?" இது என்ன என்கிறான். "லமயாகே படே," பிள்ளையின் வயிறு என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். படத்தைத் தந்துவிட்டான். அடுத்துக் குளிசைப் போத்தல். ஒன்றை எடுத்து உடைத்தான். மணிகள் உள்ளங்கையில் உருண்டன. முகர்ந்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை.

டொக்டரின் கடிதம் மச்சாளின் பையில். மச்சாள் வரிசையில் பின்னுக்கு. வா என்று கையைக் காட்டினால் சுட்டுவிடுவானோ என்று பயம்.

போத்தலைப் பறித்தால் என்ன செய்வேன், கொழும்புக்குத் திரும்பிப் போவேனா, பஸ் நிற்குமா? தலைக்குள் இது மட்டும்தான். என்னைப் பற்றின பயம் அப்போது வரவில்லை, இப்போதுதான் வருகிறது.

முழுக் குளிசை ஒன்றை என்னிடம் நீட்டி வாயைக் காட்டினான். விழுங்கு என்கிறான். விழுங்கினேன், தண்ணீர் இல்லாமல். தொண்டையில் நின்றது. நான் விழுந்து சாகிறேனா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்போது ஆரணி பெரிய குரலில் கத்தத் தொடங்கினாள். "அம்மா என்ர மருந்தைத் தின்னுறா! அம்மா என்ர மருந்தைத் தின்னுறா!"

அவனுக்கு என்ன விளங்கியதோ. சிரிப்பு வந்துவிட்டது. போத்தலைத் திருப்பித் தந்தான். உடைத்த குளிசையின் மணிகளையும் போத்தல் மூடிக்குள் கவனமாய்த் தட்டித் தந்தான்.

பஸ்ஸில் மச்சாள் என் முதுகைத் தடவினா. "ஒண்டும் செய்யேல்லையே வசந்தி?" செய்தது. நல்ல பசி.


மார்கழி 21, ஞாயிறு

மச்சாள் விடியவே தேங்காய் திருவத் தொடங்கிவிட்டா. பாரை மீன், கட்டிப் பாலில் குழம்பு. சொதி. முட்டைப் பொரியல். இவர் சந்தையால் நெய் வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

குளிசையை உடைத்து மணிகளை ஆறின சோற்றில் வைத்து முதல் வாய். "சப்பாதை, விழுங்கு." விழுங்கினாள். பிறகு சொதியைக் கண்டாள்.

"இப்ப நான் குழப்படி இல்லையோ?"

"நீ ஒரு நாளும் குழப்படி இல்லையடி" என்று மச்சாள் சொல்லி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா.

பின்னேரம் பேசின். மிதந்தது. எண்ணெயும் இருந்தது. இவரிடம் சொல்லவில்லை. மச்சாள் என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டா. வெயிலில் பஸ்ஸில் வந்து மருந்து பழுதாகியிருக்குமோ? ஆமிக்காரன் திறந்ததாலோ? டொக்டருக்கே பிழைத்திருக்குமோ?


மார்கழி 22, திங்கள்

கந்தோர். மூன்று கடிதம் பிழையாக அடித்தேன். நெற்றி சூடில்லை. பேசின் நேற்றைப் போலத்தான், நாற்றம் கொஞ்சம் குறைவு போல. போல என்று எழுதவே பயம்.

பின்னேரம் கடலுக்குள் குண்டு. மூச்சைப் பிடித்தாள். "விடு" என்றேன்.


மார்கழி 23, செவ்வாய்

விடிய நல்ல வெயில். ஆரணி பேசினை விட்டு எழும்பிப் போய்விட்டாள். நான் வாளித் தண்ணீரை ஊற்றினேன், கண்ணை மூடிக்கொண்டு. திறந்து பார்த்தேன்.

அடியில் கிடந்தது.

தண்ணீர் அசைந்து நிற்கும் வரை பொறுத்திருந்தேன். மேலே வரவில்லை. எண்ணெய் இல்லை. பேசினின் அடியில் இருக்கிற நீலப் பூவுக்கு மேலே, சாதாரண ஒரு பிள்ளையினுடையது மாதிரி.

"மச்சாள்!" என்று கத்தினேன். காய்ச்சலாக்கும் என்று நினைத்து அவ சிங்களக் கடிதத்தையும் வெள்ளைத் துணியையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தா. இவர் சவர்க்கார முகத்தோடு வந்தார். மூன்று பேரும் குனிந்து நிற்கிறோம். இவர் ஈர்க்கால் ஒருக்கால் தட்டியும் பார்த்தார். தாழ்ந்தே கிடந்தது. மச்சாள் கும்பிட்டா, பேசினைப் பார்த்து.

ஆரணி வாசலில் பாணைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். "ஏன் எல்லாரும் அதைப் பாக்கிறியள்? மணக்கேல்லையோ?"

மணந்தது. கொண்டுபோய் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.